கெங்கம்மாவின் கட்டைவிரல்

மன்னிப்புக் கடிதம் ஏற்கெனவே டைப் அடித்துத் தயாராக இருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

'சனிக்கிழமை இலவசப் பிரிவில் பணியில் இருந்தபோது, டாக்டர் இல்லாத நேரத்தில், பாலவாக்கம் கெங்கம்மா என்பவருக்கு நானாகவே ஊசி போட்டேன். தவறை உணர்ந்து, அறக்கட்டளை வழங்கும் படிப்பு உதவியிலிருந்து விலகிக்கொள்கிறேன்.' அவ்வளவுதான். கீழே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில், தமிழ்நிலா, எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு.

"நான் எழுதாத கடிதத்துல நான் செய்யாத தப்புக்கு நான் வருத்தப்பட்டிருக்கேன்" என்றாள் தமிழ்நிலா, அதைத் தேவானையின் மேஜைமேல் வைத்தபடி.

மந்தைவெளியில் ஒரு டிபன் கடைக்கு மாடியில் இருந்தது தேவானையின் துப்பறியும் அலுவலகம். ஏழு வருடம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் விண்ணப்பங்களைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள். கேட்டதையெல்லாம் எண் போட்டு நோட்டில் எழுதுவாள். எழுதியதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போடுவாள். தான் கண்டுபிடித்ததைத் தானே நம்புவதற்கு அவளுக்குக் கொஞ்சம் நாள் பிடிக்கும்.

தமிழ்நிலா சொன்ன கதை நீளமில்லை. அவள் அப்பா சைதாப்பேட்டையில் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். சஞ்சீவி தர்ம மருத்துவமனையின் அறக்கட்டளைதான் அவளைப் படிக்க வைக்கிறது. அதே அறக்கட்டளை ஏழை நோயாளிகளுக்காக மூன்றாவது மாடியில் பத்து தர்மப் படுக்கைகளும் வைத்திருக்கிறது. உதவி பெறும் மாணவர்கள் சனிக்கிழமைதோறும் அங்கே ஒத்தாசை செய்ய வேண்டும். அப்படிச் செய்யும்போதுதான் அவள் கவனித்தாள், பத்துப் படுக்கையில் ஏழில் சிபாரிசுக் கடிதத்தோடு வந்தவர்கள் கிடந்தார்கள். கடையும் காரும் உள்ளவர்கள். போன மாத ஆண்டுக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்று, பித்தப்பையில் கல்லோடு வந்த கெங்கம்மா என்ற மீன்காரம்மாவை மூன்று முறை 'படுக்கை இல்லை' என்று ஏன் திருப்பி அனுப்பினீர்கள் என்று கேட்டுவிட்டாள். இரண்டு வாரத்தில் புகார் வந்தது. அதே கெங்கம்மாவின் பெயரில்.

கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று தேவானை கேட்டாள்.

"படிப்பு போகும். போடலைன்னா விசாரணை வெச்சு அனுப்புவாங்களாம், அப்பவும் போகும். போறதுதான் போகுது, போடாமலே போகட்டும் மேடம்."

விசாரணை அன்றைக்கே மாலை நான்கு மணிக்கு. வாசல்படியில் சாய்ந்திருந்த ஏசுராஜ் மணியைப் பார்த்தான். அவன் ஆட்டோக்காரன், தேவானையின் உதவியாளன், அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவன், அவள் கேட்காத கருத்துகளை இலவசமாக வழங்குபவன்.

"நாலு மணிக்கு விசாரணை, பத்து மணிக்கு நம்மகிட்ட வந்துகீற. இன்னாம்மா, பரிட்சைக்கும் இப்டித்தான் படிப்பியா?"

அந்தப் பெண் அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தாள்.

*

புகாரின் அசல் அறக்கட்டளைச் செயலாளர் கற்பகவல்லி அம்மாளிடம் இருந்தது. மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே பழைய வீடு. அவர்கள் போனபோது கூடத்தில் வீணை பாயின்மேல் படுத்திருந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம், அதில் எண்ணெயில் ஊறிய பஞ்சு. சாதகத்தின் நடுவில் எழுந்து வந்திருக்கிறார் என்பது தெரிந்தது. ஆனாலும் முகம் சுளிக்கவில்லை. காபி வேண்டுமா என்று கேட்டார், ஏசுராஜையும் சேர்த்து. இருபத்திரண்டு வருடமாக ஒரு பைசா வாங்காமல் இந்தத் தர்மத்தை நடத்துகிறவர் என்று ஊரே சொல்லும்.

மருத்துவமனை மேனேஜர் நல்லசிவமும் அங்கே இருந்தார். கட்டையான ஆள். பேச்சும் அப்படித்தான். கோப்பை அவர் நீட்டியபோது வலது கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்ததைத் தேவானை பார்த்தாள்.

புகார் ஏதோ ஒரு கடையில் கம்ப்யூட்டரில் அடித்தது. கையெழுத்து வர வேண்டிய இடத்தில் ஊதா மையில் விரல் ரேகை. ரேகையின் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு எண்ணெய் பட்டுத் தாள் கண்ணாடி மாதிரி தெரிந்தது. தேவானை நோட்டை எடுத்தாள்.

ஒன்று: கோடு. மீன் வெட்டும்போது பட்ட வெட்டு?

இரண்டு: எண்ணெய். மீன் எண்ணெய்?

எழுதியதைத் திரும்பப் படித்தாள். இரண்டுமே ஒரு மீன்காரம்மாவின் விரலுக்குக் கச்சிதமாகப் பொருந்தின. அப்படியானால் புகார் உண்மையா? அந்தப் பெண் சிரித்த சிரிப்பை நம்பி ஆழம் தெரியாமல் காலை விட்டோமோ?

"அந்த அம்மாவே இங்கே வந்து என் கையில குடுத்தாங்க" என்றார் கற்பகவல்லி. "எழுதப் படிக்கத் தெரியாதவங்க, பாவம். அவங்களுக்காக நாமதானே பேசணும்? அந்தப் பொண்ணு மேலயும் எனக்குக் கோபமில்லை. கையெழுத்துப் போட்டுட்டுப் போனா விஷயம் வெளியில வராது, அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நல்லசிவம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேவானை தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டாள். ஏசுராஜ் குனிந்து அதை ஒரு முறை மோந்து பார்த்துவிட்டு, பெரிய மனிதன்போல் நிமிர்ந்தான். வெளியே வந்து ஆட்டோவைக் கிளப்பும்போதுதான் வாயைத் திறந்தான்.

"மீன் எண்ணெய்னா இந்நேரம் அந்த ஊட்டுக்கு மயிலாப்பூர் பூனையெல்லாம் ஊர்வலம் வந்திருக்கும் மேடம். அது மீன் எண்ணெய் இல்ல. நான் பொறந்ததே வலைமேல."

அப்படியானால் தலைக்குத் தடவும் எண்ணெயாக இருக்கலாம் என்றாள் அவள். நோட்டில் மூன்றாவதாக எழுதினாள்: நல்லசிவம், கட்டைவிரலில் பிளாஸ்திரி, அடியில் வெட்டு. பக்கத்தில் கேள்விக்குறி போடவில்லை. அவள் வழக்கத்துக்கு அது புதிது.

*

பாலவாக்கத்தில் கெங்கம்மாவின் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு ஏஞ்சல் கருவாட்டைத் திருப்பிப் போட்டபடியே, வந்தவர்களை மேலும் கீழும் பார்த்தாள். கடன் கேட்டு வந்தவர்களா, ஓட்டுக் கேட்டு வந்தவர்களா என்று அவளுக்கு முதலில் தெரிய வேண்டியிருந்தது. ஏசுராஜ் தன் பெரியம்மா பெயரைச் சொன்னான். அந்தப் பெயருக்கு அங்கே செல்வாக்கு இருந்தது.

கெங்கம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போவதை விட்டு ஆறு மாதம் ஆகிறதாம். வலி வந்தால் நடக்க முடிவதில்லை. அடையாற்றில் பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு சந்தில் உட்கார்ந்து மீன் விற்கிறாளாம், மூன்று மணி வரைக்கும்.

வரும்போது அந்தச் சந்து முனையில்தான் எட்டு நிமிடம் சிக்னலில் நின்றிருந்தார்கள்.

"பரவால்ல மேடம்" என்றான் ஏசுராஜ், வண்டியைத் திருப்பிக்கொண்டே. "கடல் காத்து வாங்கினோம். டாக்டருங்களே சொல்றாங்க, நல்லதாம்."

அவர்கள் அடையாற்றுக்குத் திரும்பியபோது மணி இரண்டாகப் போகிறது. கெங்கம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அரிவாள்மனையைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சங்கரா மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். மருத்துவமனைப் பெயரைக் கேட்டதும் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"கல்லு எனக்குள்ளயே கெடக்கட்டும், போ. மூணு வாட்டி வந்தாச்சு. பிச்சை கேட்டு நாலாவது வாட்டி வர மாட்டேன்னு சொல்லு."

தேவானை போட்டோவைக் காட்டிப் புகாரை வாசித்தாள். அரிவாள்மனை நின்றது.

"அந்தப் பொண்ணா ஊசி போட்டுச்சு? அது எனக்கோசரம் கவுண்டர்ல சண்ட போட்டுச்சும்மா. என்னிய பெஞ்சுல குந்தவெச்சு தண்ணி வாங்கியாந்து குட்த்துச்சு. அதும்மேல நான் கேஸு குடுப்பேனா?"

இதுதான் வேண்டியிருந்தது. தேவானை பையிலிருந்து மை டப்பாவை எடுத்துத் திறந்தாள். மந்தைவெளியில் கிளம்பும்போதே மறக்காமல் எடுத்து வைத்தது அது. ஒரு ரேகை வைத்துக் கொடுத்தால் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்றாள்.

கெங்கம்மா மை டப்பாவைப் பார்த்தாள். பிறகு தேவானையைப் பார்த்தாள்.

"மீன் விக்கறவன்னா கைநாட்டுன்னு யாரும்மா சொன்னது ஒனக்கு?"

தேவானையின் பேனாவை அவளே பிடுங்கி, நோட்டின் நடுப் பக்கத்தில் எழுதினாள். சை. கெங்கம்மா. அடியில் ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி. வழுவழுப்பான கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். ஐஸிலும் செதிலிலும் ஊறித் தேய்ந்த விரல், ரேஷன் கடை மெஷினே அதை ஒத்துக்கொள்வதில்லையாம். அவள் பதினேழு பேர் உள்ள மகளிர் குழுவுக்குத் தலைவி. கையெழுத்துத் தெரியாமல் யாரும் அந்தக் குழுவில் சேர முடியாது, அவளே உட்காரவைத்துச் சொல்லிக் கொடுப்பாள். வயதான இரண்டு பேருக்கு மட்டும் கை வளையவில்லை. அவர்கள் கட்டைவிரலை மாதாமாதம் பிடித்து வைப்பவளும் அவள்தான்.

தேவானை மை டப்பாவை மூடினாள். காது மடல் சுட்டது. கெங்கம்மா கைநாட்டு என்று புகாரை ஜோடித்தவர் நினைத்தார். அதைப் பிடிக்கப் புறப்பட்ட அவளும் அதையேதான் நினைத்தாள், கேள்விக்குறிகூட இல்லாமல். நோட்டில் எல்லாவற்றுக்கும் எண் உண்டு, இதற்கு மட்டும் இல்லை. ஏனென்றால் அது எழுதிப் பார்க்க வேண்டிய சந்தேகமாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

"மன்னிச்சிருங்கம்மா" என்றாள். நாலு மணிக்கு அந்தப் பெண்ணுக்கு விசாரணை, வந்து இதைச் சொல்வீர்களா என்று கேட்டாள்.

"மன்னிப்பெல்லாம் அப்பால. வரேன். ஆனா மீன் வித்துட்டுத்தான் வருவேன், ஐஸ் தாங்காது."

கூடையில் பாதி மிச்சமிருந்தது. ஏசுராஜ் சட்டைக் கையை மடித்தான். அடுத்த முக்கால் மணி நேரம் அந்தச் சந்து கேட்ட சத்தத்தை அதற்கு முன் கேட்டதில்லை. சங்கரா சாப்பிட்டால் மூட்டு வலி போகும் என்றான், நெத்திலி சாப்பிட்டால் மாமியார் வாய் மூடும் என்றான். ஒரு போலீஸ்காரர் இரண்டு கூறு வாங்கிப் போனார். மணி இரண்டே முக்காலுக்குக் கூடை காலி. கெங்கம்மா கையைக் கழுவிக்கொண்டே, இவனைத் தினமும் வாடகைக்கு விடுவீர்களா என்று தேவானையிடம் கேட்டாள்.

*

நான்கு மணிக்கு மருத்துவமனையின் இரண்டாவது மாடிக் கூட்ட அறையில் தலைவர் அனந்தராமன் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற பௌதிகப் பேராசிரியர், மெல்லிய மனிதர், காது கொஞ்சம் மந்தம். ஒரு பக்கம் கற்பகவல்லி, மறுபக்கம் நல்லசிவம். எதிரே தமிழ்நிலா நின்றுகொண்டிருந்தாள். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. மேஜைமேல் புகாரும் அந்த மன்னிப்புக் கடிதமும், பக்கத்தில் மூடி கழற்றிய பேனா.

தேவானை கெங்கம்மாவை முன்னால் அனுப்பினாள். யார் என்று சொல்லவில்லை.

கற்பகவல்லி நிமிர்ந்து பார்த்தார். "ஓ.பி. கீழே இருக்கும்மா. இங்கே மீட்டிங் நடக்குது. கீழே போய் டோக்கன் வாங்கிக்கோங்க."

"காலையில நீங்க சொன்னீங்களே, இந்த அம்மாவே உங்க வீட்டுக்கு வந்து உங்க கையில புகாரைக் குடுத்தாங்கன்னு" என்றாள் தேவானை. "இவங்கதான் கெங்கம்மா."

கற்பகவல்லி சட்டென்று சமாளித்தார். எத்தனையோ பேர் வருகிறார்கள், முகம் நினைவிருக்குமா என்றார். யோசித்துப் பார்த்தால் நல்லசிவம்தான் வாங்கி வந்து கொடுத்தார் என்றும் சொன்னார்.

கெங்கம்மா பேனாவை எடுத்து, யாரும் கேட்காமலே, மன்னிப்புக் கடிதத்தின் பின்பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டுத் தலைவர் பக்கம் தள்ளினாள். கோடு, இரண்டு புள்ளி. ஊசி போட்ட கதை பொய் என்பதையும் உரத்த குரலில் சொன்னாள். அனந்தராமனுக்கு அந்தக் குரல் நன்றாகவே கேட்டது.

"அப்போ ரேகை வெச்சது யாரு?" என்றார் அவர்.

தேவானை நல்லசிவத்தின் பிளாஸ்திரியைக் காட்டினாள். மூன்றாம் எண், கேள்விக்குறி போடாதது. வெள்ளைக் கோடு வெட்டுக் காயத்தின் தடம் என்றாள். பிளாஸ்திரியை எடுக்க முடியுமா என்று கேட்டாள்.

நல்லசிவம் அவசரப்படாமல் அதை உரித்து மேஜைமேல் வைத்தார். உள்ளே ஸ்டேப்ளர் முள் குத்திய இரண்டு புள்ளி. கோடு இல்லை. நல்லசிவம் எழுந்து பீரோவைத் திறந்தார். ஒரு தடித்த பதிவேட்டை எடுத்து வந்து தலைவர் முன்னால் விரித்தார். இலவசப் பிரிவு வருகைப் பதிவேடு. மூன்று பக்கத்தில் மூன்று முறை சை. கெங்கம்மா.

"புகார் எனக்கு ஒட்டின கவர்லதான் வந்துச்சு சார், செயலாளர் அம்மா கையால" என்றார். "ரேகையைப் பார்த்த அன்னிக்கே இந்த ரிஜிஸ்டரைப் பார்த்தேன். சொல்ல தைரியம் வரலை. இப்ப என் தலையிலயே வெக்கறாங்க, இனி எதுக்கு பயப்படணும்?"

அதற்குள் கெங்கம்மா புகாரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்திருந்தாள்.

"இது கட்டவெரலே இல்லம்மா. மாசாமாசம் ரெண்டு கெழவிங்க கட்டவெரல புடிச்சு வெச்சிக்கினு கீறேன், எனக்குத் தெரியாதா? கட்டவெரலு இத்தினி ஒல்லியாவா கீது? இது பக்கத்து வெரலு."

தேவானை நோட்டைப் பார்த்தாள். ஒன்று, கோடு. இரண்டு, எண்ணெய். மீன்காரம்மா என்று நினைத்துக்கொண்டு பார்த்ததால் கோடு வெட்டாகவும் எண்ணெய் மீனாகவும் தெரிந்தது. நினைப்பை எடுத்துவிட்டுப் பார்த்தால்? பாயின்மேல் வீணை. பக்கத்தில் கிண்ணம். கம்பியை அழுத்தி அழுத்தி இடது கை விரல் நுனியில் பள்ளம் விழும். பள்ளத்தில் மை ஒட்டாது, வெள்ளையாகக் கோடு விழும். கம்பியில் விரல் வழுக்கிப் போவதற்குத்தான் அந்த எண்ணெய்ப் பஞ்சு.

அவள் மை டப்பாவைத் திறந்து மேஜை நடுவில் வைத்தாள். ஒரு வெள்ளைத் தாளை வைத்தாள். யார்மீதும் பழி வேண்டாம், அறையில் இருக்கும் எல்லோரும் இடது ஆள்காட்டி விரலை ஒரு முறை வைத்துவிடலாம் என்றாள். முதலில் அவளே வைத்தாள். தமிழ்நிலா வைத்தாள். நல்லசிவம் வைத்தார். ஏசுராஜ் வைத்துவிட்டு, கல்யாணத்துக்கு அப்புறம் யோசிக்காமல் ஒப்புதல் கொடுப்பது இதுதான் முதல் முறை என்றான். கெங்கம்மாவும், ஊருக்காக ஒரு தடவை என்று சொல்லி வைத்தாள்.

"நானும் வெச்சுடறேன், இதுல என்ன இருக்கு" என்று அனந்தராமன் விரலை வைத்துத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு பக்கத்தில் பார்த்தார். "கற்பகவல்லி, நீங்க?"

கற்பகவல்லியின் இரண்டு கைகளும் மேஜைக்கு அடியில், புடவைத் தலைப்புக்குள் இருந்தன.

"அறக்கட்டளைப் பத்திரம் பதிஞ்சப்ப உங்க கட்டைவிரல் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல பதிவாகியிருக்கும்" என்றாள் தேவானை. "அதனால அதை வைக்க பயம். பக்கத்து விரலை வெச்சீங்க. வீணை வாசிக்கிற விரல்ங்கிறது அந்த நேரத்துல மறந்துபோச்சு."

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? அவர் கையை வெளியே எடுக்கவே இல்லை. தாழ்ந்த குரலில், தலைவரிடம் மட்டும் பேசுவதுபோல் பேசினார்.

"இருபத்திரண்டு வருஷம். எத்தனை பிள்ளைகளைப் படிக்க வெச்சேன். நாலு பேருக்கு சிபாரிசு எழுதினாத்தான் நாலு பேர் நன்கொடை தருவாங்க. நாம படிக்க வெக்கிற பொண்ணே எழுந்து நின்னு, அத்தனை பேர் முன்னாடி என்னைக் கேள்வி கேட்டா..."

"நீங்கதானே படிக்க வெச்சீங்க" என்றாள் தமிழ்நிலா. "படிச்சா கேள்வி வரும் அம்மா. அவங்க பேரு மட்டும்தான் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, நான் கூட்டத்துல சொன்னதால. மூணு தடவை வந்தவங்க முகத்தை ஒரு தடவைகூட நீங்க பார்க்கலை."

அவள் மன்னிப்புக் கடிதத்தை எடுத்தாள். தன் பெயரை ஒரே கோடாக அடித்தாள். கடிதத்தைக் கற்பகவல்லி பக்கம் தள்ளி வைத்தாள்.

அனந்தராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புகார் தள்ளுபடி என்றார். சிபாரிசுக் கடிதங்கள் எல்லாம் நாளைக் காலை தன் மேஜைக்கு வர வேண்டும் என்றார். கற்பகவல்லியைப் பார்க்காமலே, "நீங்க ஆத்துக்குப் போங்கோ. மத்ததைக் கமிட்டி பார்த்துக்கும்" என்றார். தமிழ்நிலாவிடம் அவர் ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்கியபோது கெங்கம்மா குறுக்கே வந்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும் ஐயா. மேல எத்தினி படுக்க காலியா கீது?"

நல்லசிவம் பதிவேட்டைப் பார்க்காமலே சொன்னார். "மூணு. எப்பவுமே மூணு காலியாத்தான் இருக்கும்மா. யாராவது பெரியவங்க சொல்லி அனுப்புவாங்கன்னு."

கீழே, சேர்க்கை கவுண்டரில் இருந்தவனுக்கு மாடியில் நடந்தது எதுவும் தெரியாது. தேவானையும் ஏசுராஜும் இரண்டு பக்கமும் நிற்க, காலிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்ற பெண்ணை அவன் ஒரு பார்வை பார்த்தான். பெயரைக் கேட்டு எழுதினான். படிவத்தைத் திருப்பி வைத்தான். தலையைத் தூக்காமலே, கை பழக்கத்தில், மை டப்பாவைத் திறந்து முன்னால் நகர்த்தினான்.

கெங்கம்மா ஒற்றை விரலால் அதை அவன் பக்கமே நகர்த்தினாள்.

"பேனா குடு நைனா."

கையெழுத்துப் போட்டாள். கோட்டை இந்த முறை கொஞ்சம் அழுத்தி இழுத்தாள். கார்பனுக்கு அடியில் இருந்த மூன்று பிரதியிலும் அது விழுந்தது.